குரோஷா சால்வை: அளவு பிசகாமல் பின்ன

குரோஷா ஊசியைப் பார்த்ததும் 'பொம்பளைங்க வேலை' என்று சிரிக்காதீர்கள்; நம் ஒர்க் ஷாப் கணக்கேதான். அம்மா சால்வை பின்னும் கூலியில்தான் நான் டிப்ளமோ படிக்கிறேன். அகலம் குறைந்தால் வியாபாரி கூலியைப் பிடித்துக்கொள்வார்.

ஆகவே முதலில் 15 செ.மீ. சதுர மாதிரி பின்னி, நனைத்து உலர்த்தி, நடுவில் 10 செ.மீ.க்குள் கண்ணிகளை எண்ணணும். 16 இருந்தால் 50 செ.மீ. அகலத்துக்கு 80 கண்ணி. கை இறுகி 20 வந்தாலோ, அதே 80 கண்ணி 40 செ.மீ.தான் வரும்! கண்ணியைக் கூட்டலாம், ஆனால் சால்வைக்குப் பெரிய ஊசி எடுப்பதே மேல், துணி குழைந்து விழும்.

ஓரம் குறுகுவது வேறு கதை. நூலை ஒருமுறை சுற்றிப் போடும் இரட்டைக் கண்ணியில், வரிசையைத் திருப்பப் போடும் 3 சங்கிலியும் ஒரு கண்ணிதான். அடுத்த வரிசைக் கடைசியில் அதன் தலையில் குத்தாவிட்டால் ஒண்ணு போச்சு. அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அந்தச் சங்கிலியில் சிவப்பு நூல்துண்டு செருகி வைப்பாங்க.