ரிசர்வ் வீரர்களின் படிப்புச் செலவுக்கு

அமெரிக்காவில் ரிசர்வ், நேஷனல் கார்டு படைகளில் பகுதிநேரமாக இருப்பவர்கள், கல்விச் சலுகைக்கு விண்ணப்பிக்கும் முன் தங்கள் முழுநேரப் பணி நாட்களைக் கூட்டிப் பார்க்க வேண்டும். ஆறு ஆண்டு ஒப்பந்தத்துக்குக் கிடைக்கும் மான்ட்கோமரி ஜி.ஐ. பில் என்ற திட்டம், 36 மாதம் வரை உதவித்தொகை தரும். படையை விட்டு விலகினால் பெரும்பாலும் அதோடு நின்றுவிடும். செப்டம்பர் 11-க்குப் பிந்தைய ஜி.ஐ. பில்லோ, தகுதியுள்ள முழுநேரப் பணி மொத்தம் 90 நாள் இருந்தாலே முழுச் சலுகையில் 50 சதவீதம் தருகிறது. கட்டணம் நேரே கல்லூரிக்குப் போகும். பாதிக்கு மேல் பாடம் எடுத்தால் வாடகைக்கும் பணம் உண்டு. வார இறுதிப் பயிற்சி மட்டும் இந்த 90 நாள் கணக்கில் சேராது. முழுநேரப் பணிக்கு அழைக்கப்படாதவருக்கு இரண்டாவது திட்டத்தால் என்ன லாபம் என்று கேட்கலாம். நியாயம்தான், அவருக்கு முதல் திட்டமே போதும். அழைப்பு வந்தவர்தான் யோசிக்க வேண்டும்: முன்னதைக் கைவிட்டுப் பின்னதற்கு மாறினால், மனம் மாறித் திரும்ப வழியில்லை.