கணக்கில் நிற்கும் நற்பெயர்

மனிதன் ஈட்டும் செல்வங்களுள் நற்பெயரே தலையாயது. பொன்னும் பொருளும் இன்று வரும், நாளை போகும். சொன்ன சொல் தவறாதவன் என்னும் பெயரோ, அவன் செல்லும் இடமெல்லாம் அவனுக்கு முன்னே செல்லும். முற்காலத்தில் அப்பெயர் ஊரார் நாவில் வாழ்ந்தது. கடன் கேட்டு வருவோனை வணிகர் நேரில் அறிந்திருந்தார். ஐயம் எழுந்தால் அண்டை வீட்டாரை வினவினார். இக்காலத்தில் அப்பெயர் ஏட்டில் வாழ்கின்றது. அவ்வேட்டிற்குக் கடன் தகவல் அறிக்கை என்பது பெயர்.

கணக்கைக் கொண்டு ஒருவரின் தகுதியை அளக்கும் முறை தமிழர்க்குப் புதியதன்று. செங்கற்பட்டிற்கு மேற்கே உள்ள உத்திரமேரூரில், முதற் பராந்தக சோழன் காலத்தில் கி.பி. 919, 921 ஆகிய ஆண்டுகளில் பொறிக்கப்பெற்ற கல்வெட்டுகள் உள்ளன. ஊர் வாரியங்களுக்கு உறுப்பினரைக் குடவோலை முறையில் தேர்ந்தெடுக்கும் விதிகளை அவை கூறுகின்றன. முன்னர் வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரும், அவருடைய நெருங்கிய உறவினரும் மீண்டும் தேர்ந்தெடுக்கப்படுதல் கூடாது என்பது அவ்விதிகளுள் ஒன்று. கணக்கு எவ்வளவு போற்றப்பட்டது என்பதற்கு இது சான்றன்றோ?

இந்நாளில் நாம் வங்கியிலோ நிதி நிறுவனத்திலோ வாங்கும் கடன், அதன் தவணை, செலுத்திய நாள், தவறிய நாள் ஆகிய அனைத்தும் கடன் தகவல் நிறுவனங்களுக்கு அனுப்பப்படுகின்றன. நம் நாட்டில் இவ்வகையில் முதலில் தோன்றியது 2000ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட சிபில் ஆகும். அதனாலேயே பொதுமக்கள் இவ்வறிக்கையைச் ‘சிபில்’ என்றே வழங்குகின்றனர். டிரான்ஸ்யூனியன் சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹை மார்க் என நான்கு நிறுவனங்கள் இப்பணியைச் செய்கின்றன. 2005ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட சட்டம் ஒன்று இவற்றை நெறிப்படுத்துகின்றது. ரிசர்வ் வங்கி இவற்றை மேற்பார்க்கின்றது. ஒருவரின் கடன் வரலாற்றை ஆராய்ந்து 300 முதல் 900 வரை மதிப்பெண் இடுவர். மதிப்பெண் உயர்ந்தால் கடன் எளிதில் கிட்டும். தாழ்ந்தால் வட்டி மிகும், அல்லது கடனே மறுக்கப்படும்.

ஓர் எடுத்துக்காட்டைக் காண்போம். மாமல்லபுரத்தில் கற்சிற்பம் செய்யும் ஒருவர், கல் அறுக்கும் பொறி வாங்கக் கடன் பெற்றார் எனக் கொள்வோம். அவர் தவணை தவறாது செலுத்திக் கடனை முழுவதும் தீர்த்துவிட்டார். சில ஆண்டுகள் கழிந்தன. அவர் மகளுக்குக் கல்லூரியில் இடம் கிடைத்தது. கல்விக் கடன் வேண்டி இருவரும் செங்கற்பட்டுக்குச் சென்றனர். மாணவியின் கடனில் தந்தையும் இணைக்கடனாளி ஆதலின், வங்கியினர் அவருடைய அறிக்கையைப் பார்த்தனர். அதில் பழைய கடனின் இறுதித் தவணைகள் இரண்டும் நிலுவை எனக் காணப்பட்டன. சிற்பி திகைத்தார். பிழை அவருடையதன்று, கடன் கொடுத்தவர் கணக்கை முடித்த செய்தியை அனுப்பத் தவறியிருந்தனர். ஆயினும், கட்டணம் செலுத்தப் பத்து நாட்களே இருந்தன. திருத்தம் வர ஒரு திங்கள் ஆகலாம் என்றனர். தாயின் வளையல்கள் அடகுக் கடைக்குச் சென்றன. பின்னர்த் திருத்தம் வந்தது, கடனும் கிடைத்தது, வளையல்களும் மீண்டன. அடகுக்குக் கொடுத்த வட்டி மட்டும் மீளவில்லை. ஓராண்டுக்கு முன்னரே அவர் தம் அறிக்கையைப் பார்த்திருந்தால் இத்துன்பம் நேர்ந்திராது.

பிழைகள் வேறு வழிகளிலும் நுழைவதுண்டு. தமிழர் பெயருக்கு முன் தலைப்பெழுத்து இடுவது நம் வழக்கம். ஓரிடத்தில் தலைப்பெழுத்தும், மற்றோரிடத்தில் தந்தையின் முழுப்பெயரும் எழுதப்படும். ஆங்கிலத்தில் எழுதுங்கால் எழுத்தும் வேறுபடும். ஆகவே, ஒரே பெயருடைய இருவரின் கணக்குகள் ஒன்றாகக் கலத்தல் கூடும். ஒருவரின் அடையாளச் சான்றைக் கொண்டு வேறொருவர் கடன் பெற்றிருத்தலும் கூடும். எனவே, அறிக்கையில் பெயர், பிறந்த நாள், முகவரி, பான் எண் ஆகியவற்றை முதலில் ஒப்பிடல் வேண்டும். பின்னர் ஒவ்வொரு கடனும் தாம் பெற்றதுதானா, தீர்ந்த கடன் ‘முடிந்தது’ எனக் குறிக்கப்பட்டுள்ளதா, தம் அறிக்கையை யார் யார் கேட்டனர் என்பனவற்றைக் காணல் வேண்டும். பேசி முடித்துக் குறைந்த தொகை செலுத்திய கடன் வேறுவிதமாகக் குறிக்கப்படும். அக்குறிப்பு முழுதும் தீர்த்த கடனுக்கு நிகராகாது.

நான்கு நிறுவனங்களும் ஆண்டுக்கு ஒருமுறை முழு அறிக்கையைக் கட்டணமின்றி வழங்குதல் வேண்டும் என்பது 2017 ஜனவரி முதல் நடைமுறையில் உள்ள விதி. தம் அறிக்கையைத் தாமே பார்ப்பதனால் மதிப்பெண் குறையாது. பிழை கண்டால் அந்நிறுவனத்திற்கோ, கடன் கொடுத்த வங்கிக்கோ எழுதித் தெரிவிக்கலாம். வங்கி ஒப்புக்கொண்டாலன்றிக் கடன் தகவல் நிறுவனம் கணக்கைத் தானே மாற்ற இயலாது. எனவே கடன் தீர்ந்த அன்றே நிலுவையில்லாச் சான்று பெற்று, பற்றுச்சீட்டுகளுடன் பேணுதல் இன்றியமையாதது. முறையீடு 30 நாட்களுக்குள் தீர்க்கப்படாவிடின், அதற்கு மேற்பட்ட ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் இழப்பீடு தரல் வேண்டும் என்னும் விதி 2024 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. அப்போதும் தீர்வு கிட்டாதவர் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் முறையிடலாம்.

ஈண்டு இரண்டு எச்சரிக்கைகள் உள. பணம் கொடுத்தால் அறிக்கையைத் தூய்மையாக்கித் தருவோம் என்று சிலர் கூறுவர். பொய்யான பதிவைத் திருத்தப் பணம் வேண்டுவதில்லை. உண்மையான பதிவைப் பணத்தால் அழிக்க இயலாது. தவணை தவறியிருப்பின், இனித் தவறாது செலுத்துவதே அதற்கு மருந்து. மற்றொன்று பிணை நிற்றல் பற்றியது. உத்திரமேரூர் விதியில் ஒருவர் செய்த தவறு உறவினரையும் தொடர்ந்தது. இன்று அண்ணன் வாங்கிய கடன் தம்பியின் ஏட்டில் ஏறாது; ஆனால், தம்பி பிணையாக ஒப்பமிட்டால் ஏறும். படகிற்கும் வலைக்கும் கடன் பெறும் கடற்கரைக் குடும்பங்களில், அன்பின் பொருட்டுப் படிக்காமலே ஒப்பமிடுவோர் உண்டு. அவர்கள் இதனை எண்ணிப் பார்த்தல் நன்று.

மாமல்லபுரத்துச் சிற்பியின் உளி தவறினால், சிதைந்த கல் மீண்டும் பொருந்தாது. கணக்கில் நேர்ந்த பிழையோ, காலத்தில் கண்டால் திருத்தப்படும். காணாது விட்டால் கல்லில் வெட்டிய எழுத்தைப் போல் நின்றுவிடும். எழுத்தறிந்த பிள்ளை இல்லத்திற்குக் கண் போன்றவன். ஆங்கிலத்தில் வரும் அறிக்கையைப் படிக்க இயலாத பெற்றோர்க்கு அதனை வரிவரியாகப் படித்துச் சொல்லுதல், கல்வி கற்ற மக்கள் செய்யத்தக்க கடமையாகும். உழைத்துத் தீர்த்த கடன், தீர்ந்ததாகவே ஏட்டில் நிற்றல் வேண்டும். உழைப்பாளிக்கு உரிய நற்பெயர் அதுவே.