வர்க்கலா போறீங்களா?

கோவை வழியாகக் கன்னியாகுமரி போகும் ஐலண்ட் எக்ஸ்பிரஸ் வர்க்கலா சிவகிரியில் நிற்கும். அங்கிருந்து பாபநாசம் கடற்கரைக்கு ஆட்டோ கிடைக்கும். கூட்டம் பிடிக்காதவர்கள் குன்றின் மேல்பாதையிலேயே வடக்கே நடந்து பிளாக் பீச் பக்கம் இறங்குங்கள். ஆடி அமாவாசையன்று மட்டும் வேண்டாம். தர்ப்பணம் கொடுக்க ஊரே திரண்டிருக்கும்.

நிழலாக இருக்கிறதே என்று குன்றை ஒட்டிப் பாய் விரிக்காதீர்கள். மேலே செம்புறைக்கல், அதனடியில் மணற்கல்லும் களிமண்ணும். உள்ளே இறங்கும் மழைநீர் களிமண்ணில் தடைபட்டு, ஓரமாக ஊற்றெடுத்துக் கசியும். மண் சரிவதும் அதனால்தான். ஈரத் தாரையோ, புதிதாக விழுந்த செம்மண் கட்டியோ கண்ணில் பட்டால் தள்ளிப் போய்விடுங்கள். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை மணலே மிஞ்சாதபடி அலை ஏறும். டிசம்பர், ஜனவரிதான் தோது.

பவானி ஆற்றில் நீந்திப் பழகியவர்களின் தைரியம்தான் எனக்குப் பயம்! கடல் உள்ளே இழுத்தால் கரையை நோக்கி மல்லுக்கட்ட வேண்டாம். கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி, இழுப்பு விட்டபின் திரும்புங்கள். சிவப்புக் கொடி பறந்தால் கால் நனைப்பதோடு சரி.

கடைகள் பெரும்பாலும் குன்றின் மேல்தான், படிகளோ செங்குத்து. தண்ணீர் பாட்டிலை இறங்கும்போதே எடுத்துக்கொள்ளுங்கள்.