கண்ணும் நினைவும்

கண்ணாற் கண்டதே மெய் என்று நாம் சாதிக்கிறோம். ஆயினும் கண் கண்டதை நினைவு ஏந்திக்கொள்ளாவிடின் கண்டதும் காணாததும் ஒன்றேயாம். இவ்வுண்மையை யான் முதன்முதல் உணர்ந்தது வகுப்பறையிலன்று. ஆம்பூரில் தோல் தரம்பிரிக்கும் ஒரு மேசையின் அருகிலேயாம்.

இராணிப்பேட்டை, வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி எனப் பாலாற்றை அடுத்துள்ள ஊர்களில் தோல் பதனிடும் சாலைகள் பல உள. பதனிட்டு முடிந்த தோல்களை ஒவ்வொன்றாக மேசைமேல் விரித்துத் தரமறிந்து அடுக்குவோர் அங்கே உளர். உண்ணி கடித்த வடு, முள் கீறிய கோடு, சூட்டுக்குறி, தோலுரிக்கும்போது நேர்ந்த கத்திவெட்டு, நிறத்தின் ஏற்றத்தாழ்வு ஆகிய இவற்றையெல்லாம் சிறிது பொழுதில் நோக்கி, 'இஃது இன்ன தரம்' என்று அவர்கள் முடிவு செய்கின்றனர். அவர்களுள் முதியவர் ஒருவர் மேசையின் இரு கோடிகளிலும் பழுப்புநிறத் தோல் ஒவ்வொன்றை வைத்து, "தம்பி, இவ்விரண்டும் ஒரே நிறமா?" என்று வினவினார். யான் இருபுறமும் மாறி மாறி நோக்கி, "ஆம், ஐயா" என்றேன். அவர் ஒன்றும் கூறாது ஒரு தோலை எடுத்து மற்றதன்மேல் வைத்தார். வேற்றுமை பளிச்சென்று தெரிந்தது. "கண் அங்கிருந்து இங்கே வருவதற்குள் நிறம் நழுவிப் போய்விடும், தம்பி" என்று அவர் நகைத்தார்.

அம்மொழியில் மனநூலின் ஒரு பகுதியே அடங்கியுள்ளது. நம் கண் ஓரிடத்தில் நிலைத்து நிற்பதன்று. நொடிக்கு ஏறக்குறைய மும்முறை இடம்விட்டு இடம் தாவுகின்றது. தாவும் வேளையில் தெளிவான காட்சி இல்லை. ஒரு நோக்குக்கும் அடுத்த நோக்குக்கும் இடையே முன் கண்டதைத் தாங்கி நிற்பது குறுகிய கால நினைவேயாகும். அதனைப் பாலம் என்னலாம். ஆனால் அது மிக ஒடுங்கிய பாலம்.

எத்துணை ஒடுக்கம் என்பதை அறிஞர் சோதித்தறிந்துளர். 1960-ஆம் ஆண்டில் அமெரிக்க அறிஞர் ஜார்ஜ் ஸ்பெர்லிங், வரிசைக்கு நான்காக மூன்று வரிசைகளில் 12 எழுத்துக்களை நொடியில் இருபதில் ஒரு பங்கு நேரமே காட்டினார். கண்டோர் நான்கைந்து எழுத்துக்களையே சொல்ல வல்லராயினர். ஆனால் எழுத்துக்கள் மறைந்தவுடன் ஓர் ஒலியால் ஒரு வரிசையைக் குறித்து, 'அதனை மட்டும் சொல்க' என்றபோது, எவ்வரிசையாயினும் அதிற் பெரும்பாலான எழுத்துக்களைச் சொல்லிவிட்டனர். அவ்வொலி ஒரு நொடி தாழ்த்து வந்தாலோ, அந்த நன்மை அற்றுப்போயிற்று. எனவே, காட்சி முதலில் நிறையப் பதிகின்றது; கணத்துள் மங்குகின்றது; நினைவு அள்ளிக்கொண்ட சிலவே எஞ்சுகின்றன என்பது போதரும். 1997-இல் லக், வோகல் என்னும் இருவர் வண்ணச் சதுரங்களைக் கொண்டு ஆராய்ந்து, அவ்வாறு ஏந்தப்படுவன சுமார் நான்கே என்று கண்டனர்.

நினைவு கண்டதைத் தாங்குவதோடு அமையாது, இனிக் காணவேண்டியதையும் கண்ணுக்குச் சுட்டுகின்றது. தமிழ் மாணவராகிய நாம் இதற்குச் சான்று தேடி வெகுதூரம் செல்லவேண்டுவதில்லை. ஏடு பெயர்த்தெழுதுவோன் மூல ஏட்டிற் சில சொற்களைக் கண்டு, அவற்றை நினைவிற் சுமந்து வந்து தன் ஏட்டில் எழுதுகிறான். மீண்டும் மூலத்தை நோக்குங்கால், தான் இறுதியாக எழுதிய சொல்லைக் கண் தேடுகின்றது. அச்சொல்லே சில அடிகள் தாண்டி மறுபடியும் வந்திருப்பின், கண் அங்கே சென்று பற்றிக்கொள்கின்றது. இடைப்பட்ட அடிகள் விடுபட்டுப் போகின்றன. கண் பழுதன்று, கையும் சோம்பவில்லை. நினைவு காட்டிய வழியிற் கண் சென்றது, அவ்வளவே.

அங்ஙனமாயின், நான்கே பொருள்களை ஏந்தும் நினைவைக் கொண்டு அம்முதியவர் அத்தனை குறைகளையும் எவ்வாறு கண்டார்? 1973-இல் சேஸ், சைமன் என்போர் சதுரங்க வல்லுநரைக்கொண்டு செய்த சோதனை இதற்கு விடை பகர்கின்றது. உண்மை ஆட்டத்திலுள்ள காய்களை 5 நொடி கண்ட வல்லுநர், புதியோரினும் மிகப் பலவற்றை மீட்டுவைத்தார். காய்களை ஒழுங்கின்றிச் சிதறி வைத்தபோதோ, அவ்வேற்றம் பெரும்பாலும் மறைந்தது. வல்லுநருடைய நினைவுக்கலம் பெரிதன்று. பல காய்களை ஓர் அமைப்பாகத் தொகுத்துக் காணும் பயிற்சியே பெரிது. நமக்குப் பத்துப் புள்ளிகளாகத் தோன்றுவது தோலறிந்தவர்க்கு 'உண்ணி வடு' என்னும் ஒரே பொருளாகும். நம் தருக்க நூலாரும், பொருளின் இருப்பை மாத்திரம் அறியும் நிருவிகற்பக் காட்சியையும், பெயர், சாதி, குணம் முதலியவற்றோடு அறியும் சவிகற்பக் காட்சியையும் வேறு பிரித்தனர். அருணந்தி சிவாசாரியார் இயற்றிய சிவஞான சித்தியாரின் அளவையியலில் இப்பாகுபாட்டைக் காணலாம். பெயரும் சாதியும் இட்டு அறிதற்கு முன்னறிந்ததன் நினைவு வேண்டும் அன்றோ?

ஆதலின், தோல் தரம்பிரிப்பதைக் கண்ணிருந்தால் எவரும் செய்யக்கூடிய வேலையென்று கல்லூரியிற் பயிலும் நாம் எண்ணுதல் பேதைமை. பல்லாண்டு பழகிய கண்ணும் நினைவும் கூடிச் செய்யும் அறிவுத்தொழில் அது. நூறு தோல்களை ஓய்வின்றி விரைந்து பார்க்கச் சொல்லிவிட்டு, பிழை நேர்ந்தவிடத்துத் தொழிலாளியின் கவனக்குறைவையே பழித்தலும் நேர்மையாகாது. மனித நினைவின் எல்லையும் அங்கே கணக்கிடப்படல் வேண்டும்.

இனி, அம்முதியவரிடம் யான் வியந்தது மற்றொன்றுண்டு. அத்துணைத் தேர்ச்சி பெற்றும், நிறம் ஒப்பிடவேண்டிய இடத்தில் அவர் தம் நினைவை நம்பவில்லை. தோலின்மேல் தோலை வைத்தே நோக்கினார். இரு பாடங்களை ஒப்புநோக்கும்போதும், ஒருவர் நேற்றுக் கூறியதையும் இன்று கூறுவதையும் வைத்து அவரைப் பழிக்கத் துணியும்போதும், நாமும் நினைவொன்றையே நம்பாது இரண்டையும் அருகருகே வைத்து நோக்கப் பழகுவோமாக.