பக்கத்து சீட்டில் யார்?

அந்தமானில் உள்ள எங்கள் லாங் ஐலண்டில் கார் பழக இடம் கிடையாது. ஊருக்குள் எங்கே போனாலும் நடைதான். கார் ஓட்டக் கற்றுக்கொள்ள வேண்டுமென்றால் படகேறி யெரட்டா ஜெட்டியில் இறங்கி ரங்கத் போக வேண்டும். அங்கே இருக்கும் என் அக்கா மகள் எல்எல்ஆர் என்ற பழகுநர் உரிமம் எடுத்ததும், அவளுக்குப் பக்கத்தில் உட்காரும் பொறுப்பு தாய்மாமன் என்ற முறையில் எனக்கு வந்தது. கார் அக்கா பேரில். உட்காரும் முன் காரின் பாலிசியை வரி விடாமல் வாசித்தேன். பழகுகிறவர்கள் வீட்டில் எல்லோரும் அதைச் செய்ய வேண்டும் என்று உறுதியாக நினைக்கிறேன்.

பிரிட்டனில் பழகுகிறவருக்கும் தனியாக இன்ஷூரன்ஸ் வேண்டும், அல்லது அவர் பெயரைக் கார்க்காரரின் பாலிசியில் சேர்க்க வேண்டும். நம் நாட்டில் பாலிசி வண்டியைச் சேர்ந்தது, தனியாக எதுவும் எடுக்க வேண்டியதில்லை. ஆனால் டிரைவரைப் பற்றிய பகுதியில் ஒரு நிபந்தனை இருக்கிறது. எல்எல்ஆர் வைத்திருப்பவரும் ஓட்டலாம், 1989ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளின் 3ஆம் விதியை அவர் கடைப்பிடித்திருக்க வேண்டும். அந்த விதிப்படி, அந்த வண்டியை ஓட்ட லைசென்ஸ் உள்ள ஒருவர் கூடவே இருக்க வேண்டும். வண்டியைக் கட்டுப்படுத்தவோ நிறுத்தவோ முடிகிற இடத்தில் அவர் உட்கார்ந்திருக்க வேண்டும். முன்னாலும் பின்னாலும் வெள்ளைப் பின்னணியில் சிவப்பு எல் எழுத்து வேண்டும். பலகை 18 சென்டிமீட்டர் சதுரத்துக்கும், எழுத்து 10 சென்டிமீட்டர் உயரத்துக்கும் குறையக் கூடாது.

எங்கள் ஊர் மழைக்குக் காகிதத்தில் அச்சடித்து ஒட்டிய எல் தாங்காது. சாயம் வழிந்து இளஞ்சிவப்புக் கறைதான் மிஞ்சும். தகரத்தில் பெயின்ட் அடித்து மாட்டினோம்.

பின் சீட்டில் சாய்ந்துகொண்டு "பிரேக் போடு" என்று சத்தம் போடுகிறவரை அந்த விதி ஏற்காது. நான் முன் சீட்டில் உட்கார்ந்து இடது கையில் கைப்பிடியையும் வலது கையில் ஹேண்ட் பிரேக்கையும் தொட்டபடியே இருப்பேன். "மாமா, கிளட்ச விட்டுரவா?" என்று அவள் கேட்கும்போதெல்லாம் என் கண் ரோட்டில்தான் இருக்கும். ஹேண்ட் பிரேக்குக்குப் பதில் பட்டன் வைத்த கார் என்றால், ஓடும்போது அதை இழுத்துப் பிடித்தால் என்ன ஆகும் என்று முதல் நாளே காலி மைதானத்தில் மெல்ல ஓட்டிப் பார்த்துவிடுங்கள்.

பக்கத்தில் இருப்பவரின் லைசென்ஸையும் பாருங்கள். பைக் லைசென்ஸ் மட்டும் உள்ள அண்ணன் காருக்கு ஆகமாட்டார். 55 வயதுக்கு மேல் புதுப்பித்தால் ஐந்து ஐந்து வருஷமாகத்தான் கிடைக்கும், எனவே வீட்டுப் பெரியவர்களின் லைசென்ஸில் தேதி தாண்டியிருக்கலாம்.

விபத்தில் வெளியாள் ஒருவருக்கு அடிபட்டால்? 2004இல் ஸ்வரண் சிங் வழக்கில், எல்எல்ஆரும் சட்டப்படி லைசென்ஸ்தான், அதை வைத்து ஓட்டியவரின் விபத்துக்கும் இன்ஷூரன்ஸ் நிறுவனம் நஷ்டஈடு தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. அடிபட்டவருக்கு அது பெரிய பாதுகாப்பு. கார்க்காரர் அதை நம்பி அலட்சியமாக இருக்க முடியாது. தெரிந்தே நிபந்தனையை மீறினார் என்று நிரூபணமானால், கொடுத்த பணத்தை நிறுவனம் அவரிடமே வசூலிக்க வழி உண்டு. சொந்த வண்டியின் சேதத்துக்கான கிளெய்மோ முழுக்க ஒப்பந்த விஷயம். பக்கத்து சீட் காலியாக இருந்தால் அங்கேயே சிக்கல்.

கற்றுத் தருகிறவர் தன்னைப் பற்றியும் யோசிக்க வேண்டும். வெறும் தேர்டு பார்ட்டி பாலிசி தனியார் காருக்குள் இருப்பவரைக் காக்காது. பேக்கேஜ் பாலிசி என்றால் உள்ளே இருப்பவர்கள் விஷயத்திலும் நிறுவனத்துக்குப் பொறுப்பு உண்டு. தமிழ்நாட்டிலிருந்து போன பாலகிருஷ்ணன் வழக்கில் 2012இல் உச்ச நீதிமன்றம் இந்த வித்தியாசத்தைத் தெளிவாக்கியது. 15 லட்ச ரூபாய் கட்டாயத் தனிநபர் விபத்துக் காப்பு வண்டியின் உரிமையாளருக்கானது. எங்கள் விஷயத்தில் அது அக்காவுக்கு, ஓட்டுகிற மகளுக்கோ எனக்கோ இல்லை. அதனால் பயணிகளுக்கான விபத்துக் காப்பைக் கூடுதலாகச் சேர்க்கச் சொன்னேன்.

ரங்கத்தில் ஒரு நாள் ரிவர்ஸ் எடுக்கும்போது பின் பம்பர் மதிலில் உரசிப் பிளந்தது. கூடி நின்றவர்கள் சொன்ன முதல் யோசனை, "நீங்க ஓட்டினதா சொல்லிருங்க." வேண்டாம். விதிப்படி பழகுகிறவர் ஓட்டியதை மறைக்கக் காரணமே இல்லை, பொய் சொன்னால் நியாயமான கிளெய்மும் கெட்டுவிடும். எல் பலகை தெரிய வண்டியைப் படம் எடுத்தோம். அவள் எல்எல்ஆரையும் என் லைசென்ஸையும் சேர்த்து வைத்தோம். கணக்குப் போட்டுப் பார்த்த பிறகு கிளெய்ம் போடவில்லை. பிளாஸ்டிக் பாகத்துக்குத் தேய்மானம் என்று பாதி கழியும், மேலே 1,000 ரூபாய் பிடித்தம், வருஷா வருஷம் சேர்ந்த நோ கிளெய்ம் போனஸும் போய்விடும். சின்ன உரசலைக் கைக்காசில் சரிசெய்வதே மேல். ஆளுக்கு அடிபட்டிருந்தால் கதை வேறு. முதலில் ஆஸ்பத்திரி, பிறகு 24 மணி நேரத்துக்குள் போலீஸ், இன்ஷூரன்ஸ் நிறுவனத்துக்கு எழுத்தில் தகவல்.

தீவுக்காரர்களுக்கு இன்னொன்று. சாதாரண பாலிசி வண்டியை ஏற்றிச் செல்லும் வழிகளாகச் சாலை, ரயில், உள்நாட்டு நீர்வழி, லிஃப்ட், விமானம் ஆகியவற்றைச் சொல்கிறது. கடல் அந்தப் பட்டியலில் இல்லை. சென்னையிலிருந்து கப்பலில் கார் வரவழைப்பவர்கள் அந்தப் பயணத்துக்குத் தனியாகக் காப்பு எடுக்க வேண்டும்.

எங்கள் ரோட்டைப் பற்றியும் ஒரு எச்சரிக்கை. ஜிர்காடாங்கிலிருந்து மிடில் ஸ்ட்ரெய்ட் வரை ஜாரவா பழங்குடியினர் காப்பகத்தின் வழியே கான்வாயில் போகும் பாதையில் பழகுகிறவரை ஓட்ட விடவே கூடாது. அங்கே நிற்கக் கூடாது, முந்தக் கூடாது. என்ஜின் அணைந்தால் பின்னால் வரும் வரிசையே நிற்கும். அவள் கெஞ்சித்தான் பார்த்தாள். "டெஸ்ட் பாஸாகி லைசென்ஸ் வரட்டும்மா" என்றேன். எல்எல்ஆர் எடுத்து 30 நாள் கழித்து டெஸ்டுக்குப் போகலாம், ஆறு மாதம் வரை அது செல்லும். முடியும் தேதியைச் சமையலறைக் காலண்டரில் சிவப்பு மையில் வட்டமிட்டு வைத்திருக்கிறாள் அக்கா.