டவர் நின்றாலும் சேதி போகுமா?

மலையில் கொழுந்து எடுக்கும்போது கங்காணி சொல்வது கடைசி நிரையில் நிற்பவருக்கு நேரே கேட்காது. பக்கத்து நிரைக்காரி சொல்லுவார், அவர் அடுத்தவருக்குச் சொல்லுவார், கொஞ்ச நேரத்தில் மலை முழுக்கச் சேதி போய்விடும். இம்முறை நாம் படிக்கப்போகும் 'மெஷ்' வலையமைப்பும் இந்த வேலையைத்தான் செய்கிறது.

பக்கத்து லயத்துக்குப் போன் எடுத்தாலும் நம் பேச்சு டவருக்குப் போய்த்தான் திரும்பி வருகிறது. எஹலியகொடைப் பக்கம் அடைமழையில் கரண்ட் நின்று, டவரின் பற்றரியும் இறங்கிவிட்டால் என்ன செய்வது? 2016 மே 17ஆம் திகதி அரநாயக்கவில் சாமசர மலை சரிந்ததை நாம் மறக்க முடியாது. மேல் லயத்துப் பின்னால் நிலம் வெடித்திருப்பதைக் கண்டவர் கீழ் லயத்தாருக்கு உடனே சொல்ல வேண்டுமே!

மெஷ்ஷில் ஒவ்வொரு கருவியும் ஒரு சின்ன டவர். வந்த சேதியை வைத்திருந்து பக்கத்துக் கருவிக்குக் கொடுக்கும். ஒவ்வொரு சேதிக்கும் ஓர் அடையாள எண் உண்டு. அதை வைத்து, ஏற்கெனவே வந்த சேதி என்றால் திரும்ப அனுப்பாது. இல்லாவிட்டால் ஒரே சேதி சுற்றிச்சுற்றி வந்து கொண்டேயிருக்கும்.

அநுராதபுர மாவட்டத்து மஹவிலச்சியக் கிராமத்தில் 2006இல் வீடுகளை இந்த முறையில் கம்பியில்லாமல் இணைத்தார்கள். இந்தியாவின் தர்மசாலா மலைப்பகுதியில் 2005இல் தொடங்கினார்கள். அங்கே அன்டெனாவில் குரங்கு தொங்குவது பெரிய தொல்லை. நமக்கும் அது புதிதல்ல!

அன்ட்ரொயிட் போனில் 'பிரையர்' என்ற இலவச மென்பொருளைப் போடலாம். இன்டர்நெட் இல்லாமலே புளூடூத், வைஃபை மூலம் சேதி அனுப்பும். தனிக் கடிதம் இரண்டு போன்களும் கிட்ட வந்தால்தான் போகும். குழுவில் போட்டால் உறுப்பினர் ஒருவரிடமிருந்து ஒருவருக்குப் பரவும். ஆகவே லயத்துக்கொரு குழு வைப்பதே நல்லது என்பது எங்கள் எண்ணம்.

ஆனால் ஒன்று, புளூடூத் சுவரைத் தாண்டிப் பத்து மீற்றர் போனாலே பெரிது. காம்பராக்கள் ஒட்டியிருக்கும் லயத்துக்குள் சரிவரும். அடுத்த டிவிசனுக்குப் போகாது. உறுப்பினர் ஒருவர் போனை எடுத்துக்கொண்டு நடந்துபோனால் சேதியும் கூடவே போகும். அவசர ஆபத்தென்றால் இதை நம்பிக் காத்திராமல் ஓடிப்போய்க் கதவைத் தட்டுங்கள். மழைக்காலத்துக்கு முன்பே மென்பொருளைப் போட்டு, ஒருவரையொருவர் அதில் சேர்த்து வையுங்கள். புளூடூத் எந்நேரமும் வேலை செய்வதால் சார்ஜ் சீக்கிரம் இறங்கும், பார்த்துக்கொள்ளுங்கள்.