குளத்தைச் சீர்செய்யும் ஓராண்டுப் பணி

சூலூர் வட்டாரத்தில் குளம் தூர்வாருவதைப் பற்றிப் பேசாத பஞ்சாயத்துக் கூட்டம் அரிது. மண் வாரும் இயந்திரம் வருகிறது. இரண்டொரு மாதங்களில் வேலை முடிகிறது. கரைமீது மரக்கன்றுகளும் நடப்படுகின்றன. ஆயினும் சில ஆண்டுகளுக்குள் ஆகாயத்தாமரை மீண்டும் நீர்ப்பரப்பை மூடிக்கொள்வதை நாம் பல இடங்களில் காண்கிறோம். செலவும் உழைப்பும் ஏன் இவ்வாறு வீணாகின்றன என்பதை அறிந்தபின் வேலையில் இறங்குவது நலம்.

வெள்ளியங்கிரி மலைத்தொடரில் தோன்றும் நொய்யல், கோயமுத்தூரையும் திருப்பூரையும் கடந்து, கரூர் மாவட்டத்தில் நொய்யல் என்றே பெயர் பெற்ற ஊரருகே காவிரியில் கலக்கிறது. இவ்வாற்றின் குறுக்கே அணைக்கட்டுகளை அமைத்து, வாய்க்கால் வழியே குளங்களை நிரப்பிய ஏற்பாடு கொங்குச் சோழர் காலத்தது என்பர். மேற்கு மலைகளின் மழைமறைவில் இருந்து, ஆண்டுக்கு ஏறத்தாழ 600 முதல் 700 மில்லிமீட்டர் மழையே பெறும் சீமைக்கு இதைவிடப் பொருத்தமான ஏற்பாடு இல்லை. மலையில் பெய்த தென்மேற்குப் பருவமழை ஆற்றில் வெள்ளமாக வரும்போது அதைப் பிடித்துக் குளத்தில் நிறுத்தினர்; குளத்து நீர் மெல்லக் கசிந்து சுற்றுப்புறக் கிணறுகளில் ஊறியது. சூலூர்ப் பெரிய குளமும் சின்னக் குளமும் இவ்வரிசையில் உள்ளவையே.

ஆனால் சூலூர் கோயமுத்தூர் மாநகருக்குக் கீழ்ப்புறம் அமைந்த ஊர். நகரின் கழிவுநீர் ஆற்றில் கலந்தால், அது முதலில் வந்து சேர்வது இவ்வட்டாரக் குளங்களையே. கழிவுநீரிலுள்ள தழைச்சத்தும் மணிச்சத்தும் ஆகாயத்தாமரைக்கு இட்ட எருவாகின்றன. களை மூடிய நீரில் பிராணவாயு குறைகிறது, மீன் மடிகிறது. அடிச்சேற்றில் காற்றில்லாமல் அழுகும் பொருள்களிலிருந்து மீத்தேன் என்னும் வாயு வெளியேறுகிறது. இது கரியமில வாயுவைக் காட்டிலும், நூறாண்டுக் கணக்கில், ஏறத்தாழ 28 மடங்கு வெப்பத்தைப் பிடித்து வைப்பது. ஆகவே நல்ல நீர் நிற்கும் குளம் தட்பவெப்பக் கேட்டைத் தாங்க உதவுகிறது. சாக்கடை நிற்கும் குளமோ அக்கேட்டை வளர்க்கிறது. நீர் வரும் வழியைத் திருத்தாமல் குளத்தை மட்டும் ஆழப்படுத்தினால், சாக்கடைக்குக் கூடுதல் இடம் தந்ததாகவே முடியும். இதை நாம் சற்றுக் கடுமையாகவே சொல்ல வேண்டியிருக்கிறது.

ஆராய்ச்சி நிலையங்கள் இத்தகைய பணியை எவ்வாறு அணுகுகின்றன என்பது நமக்கும் பயன்படும். பெங்களூரில் 1996-இல் தொடங்கப்பெற்ற ஏட்ரீ என்னும் சூழலியல் ஆராய்ச்சி நிறுவனம், கர்நாடகத்து அர்க்காவதியையும் நம் நொய்யலையும் ஒருசேர எடுத்துக்கொண்டு, நகரம் பெருகும் ஆற்றுப்படுகைகளில் நீரின் நிலையை ஆராய்ந்தது. அதே நிறுவனத்தார் தாமிரபரணிக் குளங்களில் 2011 முதல் பொதுமக்களைச் சேர்த்துக்கொண்டு நீர்ப்பறவைகளைக் கணக்கெடுத்து வருகின்றனர். நமக்கு அண்மையிலே, ஆனைகட்டியில், 1990-இல் நிறுவப்பெற்ற சாலிம் அலி பறவையியல் மையமும் இருக்கிறது. எண்ணி, அளந்து, எழுதி வைத்த பிறகே மாற்றம் செய்வது என்பது இவர்கள் கைக்கொள்ளும் நெறி.

அந்நெறியை ஒரு பஞ்சாயத்து தன் குளத்திற்குப் பின்பற்றுவது கடினமன்று. வலசைப் பறவைகள் வந்து தங்கியிருக்கும் தை மாதத்தில் எண்ணிக்கையைத் தொடங்கலாம். பள்ளி ஆசிரியரும் மாணவரும் இதற்குப் போதும். மாசியில் வாய்க்கால் நெடுகிலும் நடந்து, எங்கெங்கே கழிவுநீர் கலக்கிறது, எங்கே ஆக்கிரமிப்பு உள்ளது என்று குறிக்க வேண்டும். சுற்றுவட்டாரத்தில் பத்துக் கிணறுகளைத் தேர்ந்து, மாதம் ஒருமுறை கயிறுவிட்டு நீர்மட்டத்தை அளந்து குறிப்பேட்டில் பதிவது அவசியம். ஆழ்துளைக் கிணறுகள் ஆயிரம் அடியையும் தாண்டிவிட்ட நம் பகுதியில், செய்த வேலை பலித்ததா என்பதற்கு இக்குறிப்பேடே சான்று.

சித்திரையிலும் வைகாசியிலும் மண் வாரலாம். கரையின் அடிவாரத்தை ஒட்டித் தோண்டினால் கரை பலமிழக்கும். கீழே உள்ள களிமண் படுகையைக் கிழித்துவிடவும் கூடாது. குளம் முழுவதையும் ஒரே ஆழமாக்காமல், ஒரு பக்கம் முழங்கால் அளவு நீர் நிற்கும்படி சரிவாக விட்டால் நாரைகளும் உள்ளான்களும் இரைதேடும். திருப்பூரை அடுத்த நஞ்சராயன் குளம் 2022-இல் பறவைகள் சரணாலயமாகி, 2024-இல் ராம்சார் பட்டியலில் இடம் பெற்றது. நொய்யற் படுகைக் குளம் ஒன்று உலகப் புகழ் பெறக்கூடும் என்பதற்கு வேறு சான்று வேண்டுவதில்லை.

வாரிய வண்டலைப் பற்றி ஓர் எச்சரிக்கை. குளத்து வண்டலை வட்டாட்சியர் அனுமதியுடன் விவசாயிகள் கட்டணமின்றி எடுத்துக்கொள்ள 2024-இல் அரசு வழி செய்தது. செம்மண் காட்டுக்கு வண்டல் நல்ல உரம். ஆனால் ஆலைக் கழிவும் நகரக் கழிவும் கலந்த குளத்து வண்டலில் உப்பும் கன உலோகங்களும் தங்கியிருக்கலாம். ஆகையால் மண் பரிசோதனை நிலையத்தில் சோதித்த பிறகே வயலில் பரப்ப வேண்டும். சாதாரண மண் பரிசோதனையில் கன உலோகங்கள் தெரியமாட்டா. அவற்றிற்குத் தனிச் சோதனை கேட்டுப் பெற வேண்டும்.

மரம் நடுவதிலும் நிதானம் தேவை. காங்கயம், தாராபுரம் பக்கங்களில் நம் முன்னோர் வளர்த்த கொறங்காட்டைப் பாருங்கள். கிளுவை வேலி, நடுவே கொழுக்கட்டைப் புல், இடையிடையே வெள்வேல மரங்கள் என இருக்கும் இம்மேய்ச்சல் நிலம், குறைந்த மழையிலும் காங்கயம் மாட்டைக் காத்து வந்தது. புல்லின் வேர்கள் மண்ணைப் பிடித்து நிறுத்துகின்றன. கரியையும் மண்ணுக்குள் சேர்த்து வைக்கின்றன. தரிசு என்று எண்ணி இதை உழுதுவிட்டு நெருக்கமாகக் கன்று நடுவது இந்நிலத்திற்கு ஏற்றதன்று. வாய்க்கால் ஓரத்திலும் குளக்கரையின் வெளிப்புறத்திலும் பனை, புங்கன், வேம்பு ஆகியவற்றைப் புரட்டாசியில் நட்டால் ஐப்பசி மழையில் பிடித்துக்கொள்ளும். பனங்கொட்டைக்கு நாற்றங்காலும் தேவையில்லை. வேண்டுவதெல்லாம் முதல் சில ஆண்டுகள் ஆடுமாடு மிதிக்காமல் பார்த்துக்கொள்ள ஓர் ஆள்தான்.